கைக்கேற்ற வடிவமும் கடைக்கேற்ற வடிவமும்

மட்டக்களப்பு வாவியிலே முழுநிலவு காயும் இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்க விரும்புவோர், தோணியை நீரின் நடுவே நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறுநுனியைத் தம் செவியோடு பொருத்திக் கேட்பது நெடுங்கால வழக்கம். பாடும் மீன் என்று உலகறிந்த அந்த ஓசை மீனுடையதா, சிப்பி இனத்தினுடையதா என்பது ஆராய்ச்சியாளருக்குரிய வினா. இங்கே கருதத்தக்கது அந்தத் துடுப்பு. நீரைத் தள்ளுவதற்கென்று செதுக்கப்பட்ட மரம், எந்த மாற்றமும் வேண்டாமல் செவிக்கருவியாகவும் உதவுகிறது. அதன் வடிவத்தைக் கையும் நீரும் சேர்ந்து தீர்மானித்தன. அதை விற்பதற்கு எவரும் முரசறைந்ததில்லை.

அவ்வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. ஞாயிறு எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கத்துக் கரை படுவான்கரை. வவுணதீவு படுவான்கரையைச் சேர்ந்த ஊர். மண்முனை மேற்குப் பிரதேசத்துக்கு உட்பட்டது. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு நகரை அடையலாம். தெற்கே மண்முனைத் துறையிலோ 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரையில், ‘பாதை’ என்று அப்பகுதியினர் வழங்கும் மிதவையே மக்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்தது. நெல் வேளாண்மை, மாட்டுப்பட்டி, வாவி மீன்பிடி ஆகியவையே இப்பக்கத்து மக்களின் வாழ்வு. கதிர் முற்றும் காலத்தில் காட்டு யானைகள் வயலில் இறங்கும். அவற்றுக்காக இரவு முழுதும் பரணிலே விழித்திருப்போர் உண்டு.

இத்தகைய ஓர் ஊரிலே ஒரு கையடக்கத் தொலைபேசி என்னென்ன படும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். சேறு படும், சூடடிக்கும் களத்தின் தூசி படும், வாவியின் உவர்நீர் படும். நடுப்பகல் வெயிலில் அதன் எழுத்துத் தெரியவேண்டும். நள்ளிரவில் அதுவே விளக்காகவும் வேண்டும். கோபுரம் தொலைவிலிருந்தாலும் குரல் எட்டவேண்டும். பழுதுபட்டால் வாவியைக் கடந்து நகருக்குப் போனால் அங்கே அதற்குரிய உறுப்புக் கிடைக்கவேண்டும். இந்தத் தேவைகளை ஒருபுறமும், கடந்த கால் நூற்றாண்டிலே உலகச் சந்தைக்கு வந்த விந்தையான தொலைபேசி வடிவங்களை மறுபுறமும் வைத்துப் பார்ப்பின், அவ்வடிவங்கள் யாருக்காகப் பிறந்தன என்ற கேள்வி எழாமற் போகாது.

வடிவத்தைப் பேசிக் கருவியை விற்கும் கலை தொலைபேசியோடு தோன்றியதன்று. வானொலிப் பெட்டியே அதற்கு மூத்தது. 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ரீஜன்சி நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்கு விட்ட திரான்சிஸ்டர் வானொலியில் நான்கே திரான்சிஸ்டர்கள் இருந்தன. 1957இல் ஜப்பானிய சோனி நிறுவனம் ஒரு சிறு வானொலியைக் கொணர்ந்து, சட்டைப்பையில் அடங்கும் வானொலி என்று அதனைப் புகழ்ந்தது. உண்மையில் அது வழக்கமான சட்டைப்பையைவிடச் சற்றே பெரிது. நிறுவனத்தார் வானொலியைச் சிறிதாக்கவில்லை. தம் விற்பனையாளருக்குப் பெரிய பை வைத்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தனர்! இதனை அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அக்கியோ மொரிட்டாவே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். பின்னர் 1960களில் ‘பத்துத் திரான்சிஸ்டர்’, ‘பதினான்கு திரான்சிஸ்டர்’ என்று பெட்டியின் முகத்திலே பொறிப்பது நாகரிகமாயிற்று. அவ்வெண்ணிக்கையை உயர்த்துவதற்காக, ஒரு வேலையும் செய்யாத திரான்சிஸ்டர்களை உள்ளே பற்றவைத்துவிட்ட உற்பத்தியாளரும் இருந்தனர். இன்றைய திறன்பேசியின் முதுகிலே வரிசையாகக் கண் விழிக்கும் ஒளிப்படக்கருவிகளுட் சில, எண்ணிக்கைக்கன்றிப் பயனுக்கல்ல என்று அறிந்தோர் கூறும்போது, அந்தப் பழைய பதினான்கு திரான்சிஸ்டர் நினைவுக்கு வருவது இயல்பே.

ஆயினும், வழக்கத்துக்கு மாறான வடிவம் எல்லாமே ஏமாற்று என்று முடிவுகட்டுதல் தகாது. அதே வானொலி வரலாற்றில் மாறான எடுத்துக்காட்டொன்று உண்டு. இன்று சாம்பியா எனப்படும் வட ரொடீசியாவின் லுசாக்கா நகரிலே ஒலிபரப்பை நடத்திய ஹரி பிராங்கிளின் என்பார், மின்சாரமில்லாத சிற்றூர் மக்கள் வாங்கத்தக்க மலிவான வானொலி ஒன்றை நாடினார். பிரித்தானிய எவர் ரெடி நிறுவனத்தார் 1949இல் அதைச் செய்து கொடுத்தனர். மரப்பெட்டியைக் கறையான் அரிக்கும் ஆதலின், சமையற் பாத்திரம் செய்யும் அலுமினிய வட்டிலுக்குள்ளேயே வானொலி அமைக்கப்பட்டது. நீல வண்ணம் பூசிய அந்த வட்ட வானொலிக்குச் ‘சோஸ்பான்’ வானொலி என்றே பெயராயிற்று. விலை 5 பவுண். பார்வைக்கு நகைப்பூட்டும் வடிவம்; ஆனால் அந்த வடிவத்தைக் கறையானும் ஈரமும் ஏழைமையும் தீர்மானித்தன. விந்தையான வடிவம் என்பது குற்றமன்று. அது எதற்கு விடையாக வந்தது என்பதே கேள்வி.

இலங்கைக்குக் கையடக்கத் தொலைபேசி வந்தது 1989ஆம் ஆண்டில். செல்ரெல் நிறுவனத்தின் அச்சேவை தெற்காசியாவிலேயே முதலாவது. 1995இல் டயலொக் என்று பின்னர் பெயர்பெற்ற நிறுவனம் எண்முறைச் சேவையைத் தொடங்கியது. ஆனால் அவை கொழும்பையும் தெற்கையும் சார்ந்தவை. போரின் கீழிருந்த வடகிழக்கு மக்களுக்கு, 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின்னரே அக்கருவி பரவலாக எட்டியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிலே வேறொரு விந்தைக் கருவியும் தோன்றியது. மேசைத் தொலைபேசியின் உருவம். சுவரிலிருந்து வரும் கம்பி மட்டும் இல்லை. முதுகிலே சிறு அலைவாங்கி. சி.டி.எம்.ஏ. தொலைபேசி என்று மக்கள் அதனை அழைத்தனர். கம்பி இழுக்க முடியாத ஊருக்குத் தொலைபேசி கொடுக்க வந்த உபாயம் அது. அழகென்று எவரும் சொல்லவில்லை. முதியோர் மட்டும், எடுத்தால் பேசலாம் வைத்தால் முடியும் என்ற பழைய பழக்கம் மாறாததால், அதனை எளிதிற் கைக்கொண்டனர்.

இனி, 2003ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். இந்த வரலாற்றில் அவ்வாண்டைப் போல வேறோர் ஆண்டில்லை. உலகத் தொலைபேசிச் சந்தையில் அப்போது முடிசூடியிருந்தது பின்லாந்து நாட்டின் நொக்கியா நிறுவனம். அந்த ஒரே ஆண்டில் அந்த ஒரே நிறுவனம் நான்கு கருவிகளைச் சந்தைக்கு விட்டது.

முதலாவது 3650 என்னும் எண்ணுடையது. எண்பொத்தான்கள் வரிசையாக இல்லாமல், பழைய வட்டத் தொலைபேசியின் சுழல்முகம் போல வட்டமாக அமைந்திருந்தன. புதுமையென்றால் புதுமைதான். ஆனால் கட்டைவிரல் பல ஆண்டாகப் பழகிய இடங்கள் மாறிவிட்டன. ஓர் எண்ணை அழுத்தவும் ஒவ்வொரு முறையும் கண்ணால் தேடவேண்டியதாயிற்று. குறுஞ்செய்தி எழுதுவோர் பட்ட பாடு சொல்லி முடியாது. அதே ஆண்டிலேயே 3660 என்ற பெயரில், பொத்தான்களைப் பழைய வரிசைக்குக் கொணர்ந்து நிறுவனம் திருத்திக்கொண்டது. முன்னரே வாங்கியவருக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பயனுமில்லை.

இரண்டாவது 7600. இலை போலவும் நீர்த்துளி போலவும் வளைந்த உருவம். திரைக்கு இருமருங்கும் பொத்தான்கள். இரு கைகளாலும் பிடித்தாலன்றி எழுத முடியாது. ஒரு கையில் மாட்டுக் கயிறோ துடுப்போ பிடித்திருப்பவனை, அதனை வரைந்தவர் ஒருபோதும் கண்டிருக்கமாட்டார் என்றே கொள்ளவேண்டும்.

மூன்றாவது என்-கேஜ். விளையாட்டுப் பெட்டியையும் தொலைபேசியையும் ஒன்றாக்கிய கருவி. அமெரிக்காவில் 299 டொலர். பேசுவதற்கு அதன் விளிம்பைக் காதில் வைக்கவேண்டும். அகன்ற முகம் காதுக்குச் செங்குத்தாக நீண்டு நிற்க, ஒரு மடித்த அப்பத்தைக் காதில் வைத்திருப்பது போன்ற தோற்றம். உலகமெங்கும் அது நகைப்புக்கிடமாயிற்று. அதனினும் பெரிய குறை வேறு. ஒரு விளையாட்டை மாற்ற வேண்டுமாயின் மூடியைக் கழற்றி, மின்கலத்தையும் கழற்றி, அட்டையை மாற்றவேண்டும். விளையாட்டுக்காகவே விற்கப்பட்ட கருவியில் விளையாட்டை மாற்றுவதே பெருந்தொல்லை! மறு ஆண்டே திருத்திய வடிவம் வந்தது. 60 இலட்சம் விற்க எண்ணியிருந்த நிறுவனம் அதிற் பாதியளவையே விற்க முடிந்தது.

நான்காவது 1100. அதற்கு விந்தை உருவம் ஒன்றுமில்லை. வண்ணத்திரை இல்லை, ஒளிப்படக்கருவி இல்லை. பொத்தான்களின் மேல் ஒரே விரிப்பாகத் தூசி புகாத இரப்பர் உறை. வியர்த்த கையிலிருந்து வழுவாதபடி பக்கங்களில் சொரசொரப்பு. உச்சியிலே ஒரு சிறு விளக்கு. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரியும். இந்தியா போன்ற நாடுகளின் வெப்பத்தையும் புழுதியையும் இருளையும் எண்ணி அமைக்கப்பட்ட கருவி அது. இந்தியாவிலே அதனை விளம்பரம் செய்தபோதும், லொறிச் சாரதியின் கையிலே அதைக் கொடுத்துக் காட்டினர். உலகம் முழுவதிலும் 25 கோடி விற்பனையாயிற்று. அதனளவு விற்ற மின்னணுக் கருவி உலகிலே அரிது. அதற்குரிய பி.எல். 5சி என்னும் மின்கலத்தை நகத்தாற் கழற்றி மாற்றலாம்; சின்னஞ்சிறு கடையிலும் அது கிடைக்கும். அதிலும் குறை வராமலில்லை. அம்மின்கலங்களுள் ஒரு தொகுதி மிகையாகச் சூடேறுகிறதென்று 2007இல் நிறுவனமே அறிவித்து, 4 கோடியே 60 இலட்சம் மின்கலங்களை மாற்றித்தர முன்வந்தது. கழற்றத்தக்க மின்கலமாக இருந்தமையால் அன்றோ அவ்வாறு முன்வரவும் முடிந்தது!

ஒரே கூரையின் கீழ் வரைந்த நான்கு கருவிகளுள் மூன்று நகைப்புக்கும் ஒன்று பயனுக்குமாகப் போனது விதியின் விளையாட்டன்று. முதல் மூன்றும் நகரத்துக் கண்ணாடிப் பேழையிலே பிற கருவிகளுக்கிடையில் கண்ணைப் பறிப்பதற்காக வரையப்பட்டவை. நான்காவது, வாங்கியவன் வீட்டுக்குப் போனபின் அவனுக்கு என்ன நேரும் என்பதை எண்ணி வரையப்பட்டது. கடைமுகப்பில் ஒரு கருவி நிற்பது சில நாள். உழவன் கையிலே அது பல ஆண்டு.

ஏழையின் தேவையை எண்ணிச் செய்த கருவிகள் எல்லாம் வென்றன என்று கொள்ளவும் இடமில்லை. பெங்களூரிலே இந்திய அறிவியல் நிறுவகத்தைச் சார்ந்த அறிஞர் சிலர் 1998ஆம் ஆண்டளவில் சிம்பியூட்டர் என்னும் கையடக்கக் கணினியை எண்ணத் தொடங்கி, 2001இல் அதனை வெளியிட்டுக் காட்டினர். எழுத்தறியாதவருக்கும் உதவும்படி, எழுதியிருப்பதை இந்திய மொழிகளிலே படித்துச் சொல்லும் ஆற்றலை அதற்குக் கொடுக்க முனைந்தனர். தமிழும் அவற்றுள் ஒன்று. ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளும்பொருட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை. 2004இல் அமிடா என்ற பெயரோடு விற்பனைக்கு வந்த வடிவத்திலே, கருவியைச் சரித்தால் பக்கம் புரளும். இன்று எல்லாத் திறன்பேசியிலும் உள்ள அவ்வசதி, ஐபோன் தோன்றுவதற்கு மூன்றாண்டு முன்னரே பெங்களூரிற் பிறந்துவிட்டது. ஆயினும் 50,000 விற்கலாம் என்றிருந்தவர்கள், 2005 வரை சுமார் 4,000 தான் விற்றனர். சுமார் பத்தாயிரம் ரூபாயிலிருந்து தொடங்கிய விலை, பேசுவதற்குப் பயன்படாமை, பெருந்தொகையாய் வாங்கவேண்டிய அரசாங்கங்கள் வாங்காமை. ஊர் மக்களுக்கு அது வேண்டுமென்று அறிஞர் எண்ணினர். ஊர் மக்கள் முதலில் விரும்பியது தொலைவிலுள்ள பிள்ளையின் குரலை.

இவ்வாறு நேர்மையான முயற்சி தோற்ற அதே நாட்டில், 2016ஆம் ஆண்டிலே 251 ரூபாய்க்குத் திறன்பேசி என்று நாளிதழ்களின் முதற்பக்கத்தில் விளம்பரம் வந்தது. கோடிக்கணக்கானோர் பெயர் பதிந்தனர். காட்சிக்கு வைத்த கருவியோ வேறொரு நிறுவனத்தின் பெயரை வெள்ளைப் பூச்சால் மறைத்தது. அதைப் பற்றி மேலும் கூறுவதற்கில்லை.

2007ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தபின், தொலைபேசிகள் எல்லாம் ஒரே முகம் பெற்றன. பொத்தான் அகன்று கண்ணாடிப் பலகை வந்தது. எல்லாம் ஒன்றுபோலிருந்தால் ஒன்றை எவ்வாறு புகழ்வது? விற்பனைக்காரரின் இந்தச் சங்கடத்திலிருந்தே இரண்டாவது விந்தைக்காலம் பிறந்தது. 2014இல் பிளாக்பெரி நிறுவனம் கடவுச்சீட்டின் பெயரையும் சதுர உருவத்தையும் கொண்ட ஒரு கருவியைக் கொணர்ந்தது. அதே ஆண்டு அமேசன் நிறுவனம், பார்ப்பவன் தலையசைவுக்கேற்பப் படம் ஆழம் காட்டும்படி முகத்தின் நான்கு மூலையிலும் ஒளிப்படக்கருவி பதித்த தொலைபேசியை விற்க வந்தது. சில மாதங்களில் அமேசன் எழுதித் தள்ளிய நட்டம் 17 கோடி டொலர். தலையசைத்துப் பார்க்கும் வேடிக்கை ஒரு நாளோடு சலித்துவிடும் என்பதை ஒரு திருவிழாக் கடைக்காரன் அவர்களுக்குச் சொல்லியிருப்பான்.

தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவனத்தின் கதை சற்று வருந்தத்தக்கது. வளைந்த தொலைபேசி ஒன்றை 2013இல் அது கொணர்ந்தது. 2016இல் ஜி5 என்ற கருவி: அடிப்பகுதியை உருவி எடுத்து, வேறு உறுப்புகளை மாட்டிக்கொள்ளலாம். ஒளிப்படம் எடுக்க ஒரு கைப்பிடி, இசைக்கு ஓர் உறுப்பு என்று தனித்தனியே விற்றனர். இனி வருங்காலமெல்லாம் இவ்வாறே என்பதுதான் விளம்பரத்தின் தொனி. மறு ஆண்டு வந்த ஜி6இல் உருவும் பகுதியே இல்லை. முன்னே வாங்கிய உறுப்புகள் வேறெதிலும் பொருந்தா. 2020இல் திரை சுழன்று மற்றொரு திரையைக் காட்டும் விங் என்னும் கருவியும் வந்தது. 2021 ஏப்பிரல் மாதத்தில், தொலைபேசித் தொழிலையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. பொதுவான வடிவமுடைய கருவியென்றால் எவராவது செய்த மாற்றுறுப்பு ஒன்று மட்டக்களப்பு நகரத்துக் கடையிலும் கிடைத்துவிடும். உலகில் ஒன்றேயான வடிவத்துக்கு, அதைச் செய்தவன் போனபின், யார் உறுப்புச் செய்வார்? விந்தை வடிவத்தை வாங்கியவனின் ஆற்றாமை அவன் கருவி பழுதுபடும் நாளிலேதான் தொடங்குகிறது.

விளம்பரத்துக்கும் வாவிக்கும் உள்ள உறவு இன்னும் நேரானது. கடந்த பத்தாண்டிலே, தண்ணீரால் கெடாத தொலைபேசி என்ற புகழ்மொழியைக் கேளாதார் இலர். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ஐ.பி. 67, ஐ.பி. 68 என்னும் குறியீடு. முதல் எண் தூசியைக் குறிக்கும். இரண்டாம் எண் நீரை. 67 எனின், ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் இருந்து பிழைத்தது என்று பொருள். எந்த நீரில்? ஆய்வுக்கூடத்துத் தூய நன்னீரில், அசைவற்ற நிலையில், புதிய கருவியைக் கொண்டு செய்த சோதனையில். உப்புநீர் அந்தச் சோதனையில் இல்லை. மட்டக்களப்பு வாவியோ கடலோடு கலக்கும் உவர்நீர். தோணியிலிருந்து தவறி விழுந்த கருவியை உடனே எடுத்து, துடைத்து, மாலையில் மின்னேற்றச் செருகினால், செருகுவாயில் தங்கிய உப்பீரம் உலோகத்தை அரித்துவிடும்.

இது வெறும் ஊகமன்று. அவுஸ்திரேலியாவில் சம்சுங் நிறுவனத்தின் கிளை, தன் தொலைபேசிகளை நீச்சற் குளத்திலும் கடல்நீரிலும் பயன்படுத்துவதாகப் படம் காட்டி விளம்பரம் செய்தது. அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2019இல் வழக்குத் தொடுத்தது. நீர்பட்ட கருவியை ஈரம் உலருமுன் மின்னேற்றினால் செருகுவாய் அரிக்கப்படலாம் என்பதை விளம்பரம் மறைத்தது என்பது குற்றச்சாட்டின் சாரம். 2022இல் நிறுவனம் தவறை ஏற்றுக்கொள்ள, கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அதற்கு முன், 2020 நவம்பரில், இத்தாலியின் போட்டி அதிகாரசபை அப்பிள் நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. நீரால் கெடாது என்று ஒரு வாயாற் சொல்லி, நீரால் கெட்டால் உத்தரவாதம் இல்லை என்று மறுவாயாற் சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கொள்வோரைத் தவறாக வழிநடத்தும் கூற்றைத் தடைசெய்கிறது. ஆனால் சிற்றெழுத்தில் அச்சிட்ட உத்தரவாத வாசகம் எம்மொழியில் இருக்கிறது, வலை இழுப்பவர் அதைப் படிக்க வழியுண்டா என்பன வேறு கேள்விகள். மொழியைப் பொறுத்தமட்டில் ஒன்று கூறவேண்டும். மலேசியரான முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் என்னும் செயலி 2005இல் சிங்கப்பூரிலே வெளிவந்து, கையடக்கத் தொலைபேசியில் தமிழிலே குறுஞ்செய்தி எழுத வழிசெய்தது. வட்டப் பொத்தானுக்கும் அப்பத்து உருவத்துக்கும் பெருநிறுவனங்கள் செலவழித்த ஆண்டுகளில், தமிழெழுத்துக்கு வழிகண்டவர் ஒரு தனிமனிதர்.

மடிக்கத்தக்க திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்றைய விளம்பரங்களில் அதுவே பட்டத்துயானை. சம்சுங் நிறுவனத்தின் முதல் மடிப்புத் தொலைபேசி 2019 ஏப்பிரலிலே விமரிசகருக்குக் கொடுக்கப்பட்டபோது, திரைமேலிருந்த மென்படலத்தைப் பாதுகாப்புத் தாளென்று எண்ணி உரித்தவர்களின் கருவிகள் செயலற்றன. வேறு சிலவற்றில் மடிப்பினூடாகத் துகள் புகுந்தது. வெளியீடு செப்டெம்பருக்குத் தள்ளிப்போயிற்று. பின்வந்த வடிவங்கள் உறுதியிற் சிறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. முதல் வடிவத்தின் விலை 1,980 டொலர். அவ்வாண்டின் இறுதியிலிருந்த நாணயமாற்றின்படி சுமார் மூன்றரை இலட்சம் இலங்கை ரூபாய். நெல்லுக்கு அரசாங்கம் அப்போது அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு 50 ரூபாய். எனவே ஒரு தொலைபேசிக்கு 7,000 கிலோ நெல். ஏறக்குறைய நான்கு ஏக்கரின் முழு விளைச்சல், உரமும் கூலியும் கழிக்காமல். 2022இலே டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியபோது, விந்தைக் கருவி மட்டுமல்லாமல் எளிய கருவியும் எட்டாக்கனியாயிற்று. அந்நாளில் பழையதைப் பழுதுபார்க்க முடிவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அனுபவித்தவரே அறிவர். ஐரோப்பிய ஒன்றியத்திலே 2025 ஜூன் மாதம் முதல், விற்பனை நின்றபின்னும் ஏழாண்டு உதிரியுறுப்புக் கிடைக்கச் செய்யவேண்டும் என்ற விதி தொலைபேசி உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்துகிறது. அவ்விதியின் எல்லை ஐரோப்பியச் சந்தையோடு நின்றுவிடுகிறது.

வானொலி நேயர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க ஒரு வடிவ மாற்றம் எஞ்சியுள்ளது. செவிபேசியின் கம்பியைச் செருகுவதற்குத் தொலைபேசிகளில் ஒரு சிறு வட்டத் துளை இருந்தது. 2016இல் அப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் அதை அகற்றியது; அதை அறிவித்த மேடையிலே, துணிவின் செயல் என்று அதனைத் தாமே பாராட்டிக்கொண்டனர். பிற நிறுவனங்கள் சில முதலில் நகையாடின. பின்னர் தாமும் பின்பற்றின. துளையை அடைத்ததால் கம்பியற்ற செவிபேசி தனியே விலைபோயிற்று என்பது வணிகம். ஆனால் அந்தத் துளையோடு வேறொன்றும் போயிற்று. தொலைபேசியினுள் இருந்த பண்பலை வானொலிக்கு, அந்தச் செவிபேசிக் கம்பியே அலைவாங்கி. கம்பி செருக இடமில்லையேல் வானொலியும் வாய்மூடும்.

படுவான்கரை மக்கள் இதைச் சிறிய இழப்பென்று எண்ணமாட்டார். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை நேரிற் கண்ட முதியோர் இன்னும் அங்கே வாழ்கின்றனர். 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்ததையும் அவ்வூரார் கண்டனர். பெருவெள்ளத்திலே மின்சாரம் அற்று, தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தபின், இணையம் இராது, பேச்சும் இராது. தொலைவிலிருந்து வரும் வானொலி அலையோ, கேட்பவர் ஓராயிரமாயினும் ஓரிலட்சமாயினும் நெரிசற்படாமல் வந்துகொண்டிருக்கும். இதை எண்ணியே இந்திய அரசு 2023 ஏப்பிரலில் தொலைபேசி உற்பத்தியாளருக்கு ஓர் அறிவுரை விடுத்தது. கருவியில் பண்பலை வானொலி இருப்பின் அதனை முடக்காது வைத்திருங்கள். இல்லையாயின் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அது கட்டளையன்று, அறிவுரை. விலையுயர்ந்த கருவிகளின் செருகுதுளை திரும்பவில்லை.

2013இல் நொக்கியா நிறுவனம் 105 என்ற பெயரில் ஒரு மலிவான பொத்தான் தொலைபேசியை வெளியிட்டது. தூசியும் தெறிநீரும் தாங்கும் பொத்தான்கள், உச்சியில் விளக்கு, கழற்றத்தக்க மின்கலம், செவிபேசித் துளை, பண்பலை வானொலி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. விலை 15 யூரோ. பின்னர் நொக்கியாவின் தொலைபேசித் தொழில் கைமாறியபோதும் அவ்வகைக் கருவி நின்றுவிடவில்லை. அதே பெயரில் புதிய பதிப்புகள் தொடர்ந்து வந்தன. அவற்றிலும் விளக்கு உச்சியிலேயே இருக்கிறது.